அடி லேயரில் இரண்டு பேர்

கிளிநொச்சியில் பனர் அடிக்கும் கடை வைத்திருப்பவனுக்கு வருகிற தலையிடிகளில் பெரியது, வேறொருவர் செய்த ஃபைலைத் தன் கொம்பியூட்டரில் திறப்பது. அவர்கள் ஒரு மென்பொருளில் செய்திருப்பார்கள், என்னிடம் இருப்பது இன்னொன்று. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். நிழல் விழவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் நிற்கும். அதனால் ஸ்ரூடியோக்காரர் எல்லோருக்கும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: எல்லா லேயரையும் சேர்த்து ஒரே படமாக்கி அனுப்புங்கோ, மற்றக் கோதாரி ஒன்றும் எனக்கு வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள், ஒருவரைத் தவிர.

அவர் மல்லாவியில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். சொந்த ஊர் ஜெயபுரம். தாய்தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். தொழில்காரர் நாங்கள் எங்களுக்குள் கதைக்கும்போது அவரை "ஜெயபுரம்" என்றுதான் சொல்வோம். "ஜெயபுரத்தின்ர ஃபைல் வந்திட்டுதோ?" என்று ஒருவன் கேட்டால், "வந்திட்டுது, இண்டைக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை" என்று மற்றவன் சொல்லுவான்.

அவருடைய ஃபைல் நாற்பது ஐம்பது லேயரோடு வரும். லேயர் என்றால், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒன்றில் முகம், ஒன்றில் சட்டை, ஒன்றில் பின்னாலுள்ள வானம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கண் போல ஓர் அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் தாள் மறையும், திரும்ப அழுத்தினால் தெரியும். மற்றவர்கள் வேலை முடிந்ததும் வேண்டாத தாள்களை எறிந்துவிடுவார்கள். அவர் ஒன்றையும் எறியமாட்டார், மூடி மட்டும் விடுவார். பிழையாக வெட்டிய தலைமயிர், பொருந்தாத சட்டை, பிள்ளையின் படம் கொண்டுவந்த தாய் வேண்டாமென்று சொன்ன சிரிப்பு எல்லாம் உள்ளேயே கிடக்கும். ஆகக் கீழே "அடி" என்று ஒரு லேயர். வந்த படம் வந்தபடியே அதில் இருக்கும், பூட்டுப் போட்டு.

எங்களுக்குள் நடந்த முதல் சண்டை ஒரு வாத்தியாரின் மீசையால் வந்தது. அவர் ஓய்வு பெறுகிற விழாவுக்குப் பத்தடி பனர். ஜெயபுரம் இரண்டு விதமாக மீசை செய்து பார்த்து, ஒன்றை மூடிவிட்டு அனுப்பியிருந்தார். என் மென்பொருள் அவர் மூடியதை எல்லாம் திறந்து வைத்தது. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இரண்டு மீசையோடு வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் தொங்கினார்.

போனில் கத்தினேன். "தங்கச்சி, வேண்டாததை அழிச்சிட்டு அனுப்பினா என்ன குறைஞ்சா போயிடும்?"

"மூடுறது வேற அண்ணை, அழிக்கிறது வேற" என்றார் அவர். கோபமே இல்லாத குரல்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினார். சண்டை பிடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, தன் மடிக்கணினியிலும் என் கொம்பியூட்டரிலும் ஒரே ஃபைலைத் திறந்து, அரைநாள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து அதில் குறித்தார். நான் கொடுத்த தேத்தண்ணியை ஒரு முறடு குடித்துவிட்டு, "இது தூசு அண்ணை, தேயிலை இல்லை" என்று தள்ளி வைத்தார். போகும்போது, "உங்கட இதில என்ர பூட்டு நிக்கிறேல்லை. மூடினதெல்லாம் திறக்குது. இனிப் பேப்பர் எழுதி அனுப்புறன்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைலோடும் கையால் எழுதிய ஒரு தாள் வரும். மேலிருந்து கீழாக எல்லா லேயரின் பெயரும், நேரே "திற" அல்லது "மூடு" என்றும் இருக்கும். நான் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக மூடுவேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பனர்கூடப் பிழைத்ததில்லை.

வன்னியில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை உண்டு. தாய் ஒருவர் படம் கொண்டு வருவார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டிலிருந்த மற்றப் படமெல்லாம் போய்விட்டிருக்கும். மிஞ்சிய ஒரே படத்தில் பிள்ளை இயக்கச் சீருடையோடு நிற்கும். அதை எடுத்துச் சட்டை போடவேண்டும், பக்கத்தில் நிற்பவர்களை அகற்றவேண்டும். இல்லாவிட்டால் கொண்டுவந்தவருக்கும் கரைச்சல், அடித்தவனுக்கும் கரைச்சல். நான் என்றால் வேறு யாரோ ஒருவரின் உடம்பில் தலையைப் பொருத்திக் கொடுத்துவிடுவேன். ஜெயபுரம் தாயைக் கதிரையில் இருத்தி வைத்துக் கேட்பார். "அம்மா, மகன் என்ன நிறம் விரும்பி உடுக்கிறவர்? கையை மடிச்சு விடுறவரோ, விடாதவரோ?" தாய் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். தானாக ஒரு பொத்தான்கூட வைக்கமாட்டார்.

ஃபைல்களை அவர் பிள்ளையின் பெயரில் வைப்பதில்லை. ஊரின் பெயர், அதற்குள் தாயின் பெயர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளையளுக்கு வீட்டில ஒரு பேர், இயக்கத்தில ஒரு பேர். எதில தேடுறது? தாய்க்கு ஒரு பேர்தானே அண்ணை" என்றார்.

அந்தத் தாய்மாரில் ஒருவரைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும். றோட்டோரக் கொட்டிலில் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற தாய்மாரில் அவரும் ஒருவர். ஒவ்வொரு வருடமும் மகனின் பிறந்தநாளுக்குப் புதுப் பனர் அடிப்பார். மகன் செத்துவிட்டான் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் ஜெயபுரம் அவனுக்கு ஒரு வயதைக் கூட்டிக் கொடுப்பார். காதோரம் இரண்டு நரை, கண்ணுக்குக் கீழே ஒரு கோடு.

முதல் வருடம் அந்தப் படத்தைத் திறந்தபோதே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவன் இயக்கத்தில் என்னோடு இருந்தவன். பதினெட்டு வயதில் நானும் அவனும் ஒரே இடத்தில் நின்றோம். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நான் வெளியே வந்தேன், என்னைப் பற்றி எங்கேயும் பதியவில்லை. என் மனைவிக்குக்கூட நான் அந்தக் காலம் முழுக்க வீட்டிலிருந்தவன். அந்த அம்மாவும் என்னை அறியமாட்டார். பனரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஓர் அம்மாவின் வேலை மட்டும் ஜெயபுரத்திடமிருந்து லேயர் இல்லாமல், ஒரே படமாக வரும். "என்ன தங்கச்சி, இது மட்டும் நான் கேட்ட மாதிரி வருது?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"அது பாரம் கூட அண்ணை" என்றார். "உங்கட மிசின் தாங்காது."

நான்காவது வருடம் அந்த அம்மா நேரே என் கடைக்கு வந்தார். "ஜெயபுரத்துப் பிள்ளைக்குக் காய்ச்சலாம் தம்பி. உங்களிட்டயே செய்விக்கிறன். அவன்ர தேப்பனுக்கு இந்த வயசில முன்தலை கொட்டிப்போச்சு. இவனுக்கும் கொட்டியிருக்கும். அதைக் கொஞ்சம் செய்து விடுங்கோ" என்றார். லேயர் இல்லாத படத்தில் அதைச் செய்ய முடியாது. ஜெயபுரத்துக்குப் போன் எடுத்தேன்.

"கட்டாயம் திறக்கவேணுமோ அண்ணை?"

"தலைமயிரை மாத்தவேணுமாம். ஒரே படத்தில எப்பிடி மாத்திறது?"

அதற்கு அவர், "அம்மா பக்கத்தில இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"ஓம், பக்கத்தில கதிரையிலதான்."

"அப்ப ஸ்கிரீனை அங்கால திருப்பி வைச்சிட்டுத் திறவுங்கோ."

ஃபைல் வந்தது. தாளைப் படமெடுத்துப் போனுக்கு அனுப்பியிருந்தார். கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது: பக்கத்தில் நிற்பவர், மூடு. அடி, மூடு. எனக்கு விஷயம் விளங்கவில்லை. ஸ்கிரீன் சுவரோடு பொருத்தியது, திருப்ப முடியாது. திறந்தேன். என் மென்பொருள் வழக்கம்போல மூடியதை எல்லாம் திறந்து வைத்தது.

எங்களை ஒருவன் படம் எடுத்தது எனக்கு நினைவிருந்தது. அந்தப் படம் தப்பியிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் சீருடையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மூடுவதற்கு அந்த லேயரின் கண் அடையாளத்தைத் தேடினேன்.

"இதுதான் தம்பி முழுப்படம்" என்றார் அம்மா. கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார். "பக்கத்தில நிக்கிற பிள்ளையைத்தான் நான் தேடுறன். உயிரோட இருந்தா அவனுக்குத் தெரியும், என்ர பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு. தோளில கை போட்டுக்கொண்டு நிண்டவன், தெரியாம இருக்குமே?"

எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழத் தூரம் இல்லை. எனக்கு இப்போது வயிறு முன்தள்ளி வண்டி வைத்துவிட்டது, தாடி, மூக்குக் கண்ணாடி வேறு. அவர் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப ஸ்கிரீனைப் பார்த்தார். "மூடுங்கோ தம்பி, ஆரும் கண்டாலும்" என்றார். நான் மூடினேன். அவனுக்கு முன்தலையை வழுக்கையாக்கிப் பனர் அடித்துக் கொடுத்துவிட்டு, அடித்த ஃபைல்களை வைத்திருக்காத என் வழக்கப்படி அதையும் கொம்பியூட்டரிலிருந்து அழித்தேன்.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவனுக்கு வயிற்றில் காயம். தண்ணி கேட்டான். "இந்தா கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். போன வழியில் சனம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நானும் அதோடு போய்விட்டேன். திரும்பவில்லை. நான் சீருடையில் நின்றவன் என்று தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை ஒரு தாய்க்கு எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் கழித்து மல்லாவிக்குப் போனேன். ஜெயபுரம் காய்ச்சல் விட்டு, காதில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்ததும் அவரே தொடங்கினார்.

"கண்டிட்டியளோ?"

"எப்ப தெரியும் உமக்கு?"

"அம்மா படம் கொண்டு வந்த அண்டைக்கே. முகம் பாக்கிறதுதானே அண்ணை என்ர தொழில்."

நான்கு வருடம். என் கடைக்கு வந்து, என் தேத்தண்ணியைக் குறை சொல்லி, என்னை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு, உள்ளே இதை வைத்திருந்திருக்கிறார். எனக்கு நன்றி வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனுசி இன்னும் எத்தனை பேரை இப்படி மூடி வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

"அதை அழிச்சுவிடும் தங்கச்சி. என்னை மட்டும் எடுத்துவிடும். அவனை நான் ஒண்டும் சொல்லேல்லை."

"உங்களை வெட்டினா அவன்ர கையும் போயிடும். உங்கட தோளிலதான் கிடக்கு."

"எனக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு."

"தெரியும். நான் ஆருக்கும் சொல்லமாட்டன். ஆனா அழிக்கமாட்டன். அந்த அம்மா தேடுறது உங்களை. நான் சொல்லுறது சரியில்லை. நீங்கள்தான் சொல்லவேணும்."

நான் பயத்தால்தான் வாய் திறக்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். தண்ணிக் கதையை அவருக்கும் நான் சொல்லவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

அதற்கடுத்த கிழமை அவர் என் கடைக்கு வந்தார். பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு ஹாட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதைத்தார்.

"விசாரிக்கிற ஆக்கள் ரெண்டு பேர் வந்தவை அண்ணை, சிவில் உடுப்பில. மரியாதையாத்தான் கதைச்சவை. கொட்டிலில கட்டியிருக்கிற படமெல்லாம் நான் செய்ததோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான். லேயரோட இருக்கிற ஃபைல்தான் வேணுமாம், மேல இருக்கிற படம் வேண்டாமாம். நல்லாப் படிச்சுக்கொண்டுதான் வந்திருக்கினம். நாளைக்குத் திரும்பி வருவினமாம்."

"அப்ப?"

"எல்லாத்தையும் இதில ஏத்திப்போட்டு அங்க அழிச்சிட்டன்." அதைச் சொல்லும்போது அவர் முகம் செத்தவீட்டில் இருப்பவர் முகமாக இருந்தது. "இனி இது ஒண்டுதான். வேற எங்கயும் இல்லை."

"ஏன் என்னட்டக் கொண்டுவந்தனீர்? என்ர படமும் இதுக்குள்ளதானே கிடக்கு."

"அதாலதான் அண்ணை. பயந்த ஆக்கள்தான் பத்திரமா வைச்சிருப்பினம். மற்றவை கவனமில்லாம ஆருக்கும் குடுத்திடுவினம்."

மனிதர்களின் முகத்தை அவ்வளவு பார்த்தவர், என்னைப் பிழையாகக் கணக்குப் போட்டார். கொப்பியையும் தந்தார். ஊர் ஊராக, தாய் தாயாக எழுதி, எந்த ஃபைலில் எது மூடியிருக்கவேண்டும் என்று குறித்திருந்தார். "மாதத்தில ஒருக்கா எடுத்து ஓட்டிப் பாருங்கோ, இல்லாட்டிப் பழுதாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

நாலு நாள் கழித்துப் போன் எடுத்தேன், வேலை செய்யவில்லை. மல்லாவிக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது, பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "அவ போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "போயிட்டா எண்டுதான் தெரியும்" என்றார். ஜெயபுரத்தில் தாய் இருந்தார். வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று ஒருவரும், கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒருவரும் தன்னிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரியுமா என்று என்னையே கேட்டார்.

அன்று மத்தியானம் என் கடைக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர். சோடா குடித்தார்கள், என் பெயர்ப்பலகையை வாசித்தார்கள், போய்விட்டார்கள். சோடா குடிக்க வந்தவர்களாகவும் இருக்கலாம். நான் கதவைச் சாத்திவிட்டு டிஸ்க்கைப் பொருத்தினேன். அந்த ஓர் ஃபைலை மட்டும் அழிப்பது என்றுதான் தொடங்கினேன். அழித்த பிறகு, கொப்பியில் அந்த அம்மாவின் பெயருக்கு மட்டும் ஃபைல் இல்லாமல் போனால் அதுவே காட்டிக்கொடுக்கும் என்று தோன்றியது. அந்த ஊரை அழித்தேன். பிறகு அடுத்த ஊர். பின்னேரத்துக்குள் டிஸ்க் வெறுமையாகிவிட்டது. கொப்பியை முரசுமோட்டையில் என் வயல்கரையில் வைக்கோலோடு சேர்த்து எரித்தேன். தாய்மாரின் கண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஜெயபுரம் தேர்ந்த அத்தனை சட்டையும், அதற்குக் கீழே கிடந்த அத்தனை பிள்ளைகளும் என் கையால் போனார்கள். இதற்கு நான் ஒரு நியாயமும் சொல்லவரவில்லை.

இப்போது தாய்மார் வருகிறார்கள். "ஜெயபுரத்துப் பிள்ளை உங்களிட்டக் குடுத்ததாம்" என்று எப்படியோ கேள்விப்பட்டு வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த அம்மாவும் வந்தார். மகனின் பனர் அவரிடம் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்திருந்த மூலப்படம் வெள்ளத்தில் ஊறி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டதாம். அவருக்கு வேண்டியது பக்கத்தில் நின்றவன். அவனைப் பெரிதாக அடித்துக் கொட்டிலில் கட்டப்போகிறாராம், யாராவது அடையாளம் காட்டுவார்கள் என்று.

"ஃபைல் இல்லை அம்மா" என்றேன். "பழுதாப்போச்சு."

அவர் அழவில்லை. "எனக்கு அந்த முகம் பாடம் தம்பி. எத்தினை வருசம் பாத்த முகம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வியளோ?"

மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வருகிறார். என் பக்கத்தில் கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். நாடி சின்னன், நெற்றி அகலம், காது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். நான் வேண்டுமென்றே பிழையாகச் செய்கிறேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லைத் தம்பி, இது அவன் இல்லை" என்று திருத்துகிறார். கோபப்படுவதில்லை. திருத்தத் திருத்த நான் புது லேயர் போடுகிறேன், பழையதை மூடுகிறேன். முதலில் யாரோ ஒருவனாக இருந்தான். மூன்றாம் கிழமை என் தம்பியைப் போல இருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை நாடியும் காதும் சரியாக வந்துவிட்டன. அம்மா ஸ்கிரீனில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"வாய் மட்டும்தான் இன்னும் சரியா வரேல்லைத் தம்பி" என்றார். "அடுத்த கிழமை வாறன்."

"ஓம் அம்மா" என்றேன்.